பதிவேட்டில் ஒன்று, வயிற்றில் இரண்டு

செண்பகவடிவின் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு குறையுமில்லாமல் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. வம்பே அதில்தான் தொடங்கியது.

"இருக்கக் கூடாதேம்மா," என்றார் பாரிவள்ளல், திரையில் தெரிந்த ஸ்கேன் படத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே. மதுரையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் உறுப்புமாற்றுப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளர் அவர். தேரையே தூக்கிக் கொடுத்த வள்ளலின் பெயர். ஆனால் கையெழுத்துப் போடப் பேனா கேட்டால், மூடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுகிற ஆள்.

"எது இருக்கக் கூடாது?"

"இடது கிட்னி. நீங்க அதை ரெண்டு வருஷம் முன்னாடியே தானமா கொடுத்துட்டீங்க. தூத்துக்குடியில ஆபரேஷன். ஆறாம் நாள் நல்லபடியா வீட்டுக்குப் போயிருக்கீங்க. பதிவேட்டுல தெளிவா இருக்கு."

"நான் எங்கய்யா போனேன்? இந்தா உங்க படத்துலயே ரெண்டும் இருக்குல்லா?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். செண்பகவடிவுக்கு ஒரு கிட்னி. உங்களுக்கு ரெண்டு. அப்ப நீங்க செண்பகவடிவு இல்லை."

செண்பகவடிவுக்குப் பேச்சு வரவில்லை. இது சாதாரண விஷயமல்ல. கோவில்பட்டியில் முப்பது வருடமாகக் கல்யாண மண்டபம் நடத்துகிறவள் அவள். சம்பந்திச் சண்டை, பந்திச் சண்டை, பாயசத்தில் முந்திரி இல்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா வெளிநடப்பு, எல்லாம் பார்த்தவள். ஒருமுறை மணவறைக்குப் பின்னால் புகுந்த நல்லபாம்பைச் சாம்பார் வாளியால் கவிழ்த்து மூடி, அந்த வாளியின் மேலேயே உட்கார்ந்து, தாலி கட்டி முடிகிறவரை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவள். அப்பேர்ப்பட்டவளை ஒரு பதிவேடு வாயடைக்க வைத்துவிட்டது.

அவள் வந்தது தம்பிக்காக. தம்பி ஆவுடையப்பன் அதே ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் கிடந்தான். எட்டு மாதமாக டயாலிசிஸ். கையிலும் கழுத்திலும் ஊசி குத்த இனி நரம்பில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பான், இல்லையென்றால் இல்லை. அவன் பெண்சாதி தொலைபேசியில் அழுதுகொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டபோது, செண்பகவடிவு, "எந்தப் பக்கத்துது வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"சரி, நீங்க என்னை இந்த வாரத்துல மூணு தடவை பாத்திருக்கிய. என் வீட்டாளுக, என் தம்பி பெஞ்சாதி, எல்லாரும் வந்து சொல்லட்டும், இவதான் செண்பகவடிவுன்னு."

பாரிவள்ளல் பதறிக் கதவைப் பார்த்தார். "சத்தமாச் சொல்லாதீங்கம்மா. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணுறது விதிமீறல். எனக்கு மெமோ கொடுப்பாங்க."

"என்னது?"

"கைரேகையைக் காப்பியடிச்சாங்க. கண்பாவையைக் காப்பியடிச்சாங்க. அப்புறம் முகம், குரல் எல்லாத்தையும் அச்சு அசலா செஞ்சு ஒட்டிக்கிட்டு வந்தாங்க. எங்க பழைய டீன் முகத்தோட ஒருத்தன் வந்து மூணு நாள் ரவுண்ட்ஸ் போயிட்டான். அவன் இருந்த மூணு நாளும் ஆஸ்பத்திரி ஒழுங்கா நடந்தது, அது வேற விஷயம். அதிலிருந்து முகம் செல்லாது. சாட்சி செல்லாது. ஆளறி வாரியம் உள்ளறி மிஷினைக் கொண்டுவந்தது. நினைப்பைக் காப்பியடிக்க முடியாதுல்ல?"

உள்ளறி என்பது நெற்றியில் கட்டுகிற ஒரு பட்டை, அவ்வளவுதான். கண்ணெதிரே உங்கள் காகிதத்தில் உள்ளது ஒவ்வொன்றாக வரும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. நீங்கள் ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது உள்ளே மனசு அதை அலட்டாமல் ஏற்றுக்கொண்டால் பச்சை. உள்ளே ஒரு துடிப்புத் துடித்தால் சிவப்பு. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டு எண்பது வந்தால் நீங்கள் நீங்கள்தான்.

"கட்டுங்கய்யா," என்றாள் செண்பகவடிவு. மடியில் கனமில்லை என்ற தெம்பு அவளுக்கு.

பெயருக்குப் பச்சை விழுந்தது. அப்பா சுடலைமுத்து, பச்சை. அடுத்ததாக வந்தது பிறந்த தேதி: ஜூன் ஒன்று.

"ஆமா," என்றாள். பட்டை சுள்ளென்று சிவந்தது.

அவள் பிறந்தது ஐப்பசி அடைமழையில். ஓலைக்கூரை ஒழுகி, மருத்துவச்சி குடை பிடித்துக்கொண்டு பிரசவம் பார்த்ததாகச் சொல்வார்கள். நாலு வயதில் அவள் அட்டகாசம் தாங்காமல் அப்பா பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு, தொட்டால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் ஹெட்மாஸ்டர். கை எட்டவில்லை. அப்பா பின்னால் நின்று முழங்கையை ஓர் அமுக்கு அமுக்கினார். எட்டிவிட்டது. ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்து ஜூன் ஒன்று என்று எழுதினார். அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ஊரே ஒரே நாளில் பெற்றுப் போட்டது போல.

ஜூன் ஒன்று என்று திரையில் பார்த்த மாத்திரத்தில் அவள் மனசு நேராக ஐப்பசிக்குப் போயிற்று. வழியில் காது வேறு வலித்தது. போதாக்குறைக்கு, கணவர் பெயர் வந்த இடத்தில் அந்த மனுஷன் ஓடிப்போன ஞாபகம் வந்து அதுவும் சிவந்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, ஒன்றும் தேறவில்லை. சராசரி நாற்பத்தொன்று.

"என் பேர்ல கிட்னி கொடுத்தாளே, அந்த மகராசி எவ்வளவு வாங்கினா?"

பாரிவள்ளல் பார்த்தார். சொல்ல மனமில்லாமல் சொன்னார். "தொண்ணூத்துமூணு."

"சொந்தக்காரிக்கு நாப்பத்தொண்ணு, திருடிக்குத் தொண்ணூத்துமூணா?"

"அவங்களுக்கு அது பாடம்மா. மனப்பாடம் பண்ணினதைக் கூசாம ஒப்பிச்சிருக்காங்க. உங்களுக்கு அது பொய். நாப்பது அம்பது வருஷமாச் சொன்னாலும் பொய் உள்ள உறுத்தும்."

"அப்ப ஊர்ல பாதிப் பேரு தேற மாட்டானே."

"தேறலைம்மா. அதான் மேல்முறையீட்டுக்கு ஒன்பது மாசம் வரிசை."

"தேதியைத் திருத்திக் கொடுத்துட்டா?"

"திருத்தலாம். திருத்தணும்னா முதல்ல நீங்க நீங்கதான்னு நிரூபிக்கணும்."

அவள் எழுந்தாள். ஆறு வாரம், ஒன்பது மாதம் என்று இரண்டு கணக்கும் மண்டைக்குள் முட்டிக்கொண்டன. நான்காம் மாடிக்குப் போனாள்.

ஆவுடையப்பன் வற்றிப் போயிருந்தான். அக்காவும் தம்பியும் பதினோரு வருடமாகப் பேசியதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி தன் மகன் கல்யாணத்தை அக்காவின் மண்டபத்தில் வைக்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த குளிர்சாதன மண்டபத்தில் வைத்தான். வடிவு அன்றைக்குத் தன் மண்டபத்தைப் பூட்டாமல், விளக்கெல்லாம் போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே மேளம் கொட்டுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை. அக்கா வரவில்லையே என்ற கோபத்தில் தம்பி அடுத்த தையிலிருந்து பொங்கல் படியை நிறுத்தினான். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவளுக்குப் பானையும் மஞ்சள் குலையும் கரும்பும் கொண்டுபோய்க் கொடுக்காத அண்ணன் தம்பி, பெண்ணை மனசால் தலைமுழுகிவிட்டான் என்று அர்த்தம்.

"மண்டபம் எப்படிப் போகுது?" என்று கேட்டான் ஆவுடையப்பன். பதினோரு வருடத்தில் முதல் வாக்கியம்.

"போகுது. உனக்கென்ன அக்கறை?"

"நீ வருவேன்னு தெரியும்க்கா."

அவள் ஆஸ்பத்திரிச் சுவரில் சுண்ணாம்பு சரியில்லை என்று திட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று நினைவு வந்தது. இரண்டு வருடமாக அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. 'அன்பான செண்பகவடிவு, உங்கள் ஒற்றைச் சிறுநீரகத்தை நாங்கள் மறக்கவில்லை.' ஏதோ மருந்துக் கடை விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தாள். இப்போது திறந்து முழுதாகப் படித்தாள். ஆண்டுப் பரிசோதனை, தூத்துக்குடி, வருகிற வியாழன் காலை பத்து மணி.

வியாழன் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். பத்தேகாலுக்கு நர்ஸ் கூப்பிட்டாள்.

"செண்பகவடிவு."

இரண்டு பேர் எழுந்தார்கள்.

எதிர் வரிசையில் எழுந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கறுத்த, உறுதியான உடம்பு, கழுத்தில் சிலுவை, கையில் டிபன் பை. வடிவைப் பார்த்தாள். ஒரு விநாடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் காட்டிக் கொடுத்தது. ஆனால் முகம்தான் செல்லாதே.

"யாராவது ஒரு செண்பகவடிவு உக்காருங்க," என்றாள் நர்ஸ், தலையைத் தூக்காமல்.

டிபன் பைக்காரி வாசலைப் பார்த்து நழுவப் பார்த்தாள். வடிவு எட்டிக் கையைப் பிடித்தாள். சொல்லாமல் நழுவும் சமையல்காரர்களை முப்பது வருடமாகப் பிடித்த கை. "முதல்ல உள்ள போயி சோதிச்சிட்டு வா. என் பேர்ல இருக்கிற ஒத்தைக் கிட்னி அது, கெட்டுப்போகக் கூடாது. நான் வாசல்ல நிக்கேன்."

பரிசோதனை முடிந்து இருவரும் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். வடிவு அறைவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இரண்டு டீ சொன்னாள்.

"பேரு என்ன? ஒன் சொந்தப் பேரு."

"ரெஜினா."

"போலீசுக்குப் போறேன் பாரு."

"போங்க யக்கா. நீங்க யாருன்னு முதல்ல உங்களைத்தான் நிரூபிக்கச் சொல்லுவான்." ரெஜினா இதைத் திமிராகச் சொல்லவில்லை. அனுபவப்பட்டவள் சொல்வதாகச் சொன்னாள்.

"யாருக்கு வித்தே?"

"விக்கல. என் மக மெர்லினுக்குக் கொடுத்தேன்." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "என் பேர்லயேதான் கொடுக்கப் போனேன். மிஷின் என்னை ஒத்துக்கிடல. எனக்கு முன்னாடி எங்கம்மைக்கு ஒரு பிள்ளை. அதுக்கும் ரெஜினான்னுதான் பேரு. ரெண்டரை வயசுல காய்ச்சல்ல போயிட்டு. அடுத்து நான் பொறந்ததும் அதே பேரை வச்சாங்க. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது அவ பிறப்புச் சான்றையே கொடுத்துட்டாங்க, புதுசா யாரு அலையுறதுன்னு. மிஷின்ல அந்தத் தேதி வந்தா எனக்கு அவ ஞாபகம்தான் வரும். முப்பத்தெட்டுதான் வாங்கினேன்."

வடிவு டம்ளரைக் கீழே வைத்தாள். டீ ஆறியது.

"அப்புறம் ஒரு புரோக்கர் உங்க தாளைக் கொடுத்தான். எண்ணெய்ப் பிசுக்கா இருந்திச்சு."

"எண்ணெயா?"

"பஜ்ஜி மடிச்ச தாளு."

வடிவு நெற்றியில் அடித்துக்கொண்டாள். உலகம் முழுக்கக் காகிதம் ஒழிந்தாலும் நம்மூர் மண்டபங்களில் ஜெராக்ஸ் ஒழியாது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ரசீதோடு மேலாளரின் அடையாளச் சான்று நகல் ஒன்று, கையெழுத்தோடு. முப்பது வருடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்யாணம். அத்தனை வீட்டிலும் பழைய பேப்பரோடு அவளும் எடைக்குப் போயிருக்கிறாள். ஊரெல்லாம் அவளில் மடித்துப் பஜ்ஜி தின்றிருக்கிறது. அடுத்தவன் திருடியது பாதி, தான் வாரி இறைத்தது பாதி என்று அவளுக்கு உறைத்தது.

"எங்க அப்பா பேரெல்லாம் தெரியுமோ?"

ரெஜினா கண்ணை மூடி ஒப்பித்தாள். "அப்பா சுடலைமுத்து, அம்மா பேச்சியம்மா, ஜூன் ஒண்ணு, கணவர் அருணாசலம்." செத்துப்போன அம்மாவின் பெயரை முன்பின் தெரியாத ஒருத்தி வாயில் கேட்டபோது வடிவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. இவள் இந்தப் பெயரை வேதம்போலப் படித்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"மகளுக்கு எப்படிக் கொடுத்தே? காகிதப்படி நீ யாரோல்லா?"

"யாரோன்னு சொல்லித்தான் கொடுத்தேன். உறவில்லாதவங்களும் கொடுக்கலாம், வாங்குறவங்களைத் தெரிஞ்சிருக்கக் கூடாது. வித்துருவாங்கன்னு. அதையும் மிஷின்ல கேப்பான், ரெண்டு பேருகிட்டயும். மெர்லினுக்குக் கடைசிவரை சொல்லலை. எனக்கு எல்லாக் கேள்விக்கும் நூத்துக்குக் கிட்ட வந்திச்சு. அந்த ஒண்ணுக்கு மட்டும் முப்பத்தொண்ணு. பெத்த மகளை யாருமில்லன்னு சொன்னா மனசு ஒத்துக்கிடுமா யக்கா? சராசரி காப்பாத்திருச்சு. இப்ப மெர்லின் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா."

 வடிவு தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். ஆறு வாரத்தில் ஒரு வாரம் ஓடிவிட்டதையும் சொன்னாள். ரெஜினா அழ ஆரம்பித்தாள்.

"அழாத. என் மண்டபத்துல ஒருத்தன் செருப்பு காணாமப் போனா அவன் என்ன செய்வான்? பக்கத்துல கெடக்கறதை மாட்டிக்கிட்டுப் போவான். அந்தச் செருப்புக்காரன் அடுத்தவன் செருப்பைப் போடுவான். கடைசியா ஒருத்தன் வெறுங்காலோட வந்து மேலாளரைத் திட்டுவான். இப்ப கடைசி ஆளு நான். திட்ட யாருமில்ல."

ரெஜினா மூக்கைச் சிந்தினாள். "என் செருப்பு சும்மாதான கெடக்கு யக்கா," என்றாள். "என் தாள்ல எனக்கு ரெண்டு கிட்னியும் அப்படியே இருக்கு."

அடுத்த இரண்டு வாரம் இருவரும் மண்டபத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்து படித்தார்கள். ரெஜினாவின் அப்பா பெயர், அம்மா பெயர், தெருப் பெயர், ஞானஸ்நானம் எடுத்த கோயில், வலது முழங்காலில் சிப்பி கிழித்த தழும்பு. வடிவு நல்ல மாணவி. ஹெட்மாஸ்டர் இருந்திருந்தால் காதைத் தொடாமலே சேர்த்துக்கொண்டிருப்பார்.

கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. ஆவுடையப்பனையும் மிஷினில் கேட்பார்கள், கொடுக்கிறவளைத் தெரியுமா என்று. தெரிந்திருந்தால் எல்லாம் போயிற்று. வடிவு அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏலே, என்னால முடியாதுல. எனக்குப் பயமா இருக்கு."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"கத்தி, ரத்தம்… நெனச்சாலே படபடங்குது. வேற யாராவது கிடைப்பாங்க."

"பயமா?" என்றான் அவன். "ஒனக்கா?"

"ஆமா."

"சரி. வச்சிரு."

அவள் வைத்தாள். வைத்துவிட்டு, சமையல்கட்டில் கிடந்த அண்டாவை எட்டி உதைத்தாள். கால்தான் வீங்கியது.

நான்காம் வாரம் திங்கட்கிழமை காலை, பாரிவள்ளலின் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"உறவில்லாத தானம் கொடுக்க வந்திருக்கேன். பேரு ரெஜினா."

பாரிவள்ளல் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் உங்களை இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை," என்றார் கடைசியில். "பார்த்திருந்தாலும் அது பார்த்ததா ஆகாது. விதி அப்படி." பெறுபவர் என்ற இடத்தில் நான்காம் மாடி ஆவுடையப்பன் என்று தானே எழுதி, படிவத்தை நீட்டினார். பிறகு பேனாவை நீட்டினார். மூடியோடு.

பட்டையைக் கட்டினார்கள். பெயர் ரெஜினா, பச்சை. பிறந்த தேதி வந்தபோது, ரெண்டரை வயதில் போய்விட்ட அந்தச் சின்ன ரெஜினாவை நினைத்து வடிவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. மிஷினுக்குப் பாவம் பார்ப்பது தெரியாது. பச்சை. ஊர், தெரு, கோயில் எல்லாம் பச்சை. ஊரான் செருப்பு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அவளுக்கே ஆச்சரியம்.

கடைசியாக ஆவுடையப்பனின் படம் வந்தது. கீழே கேள்வி: இவர் உங்களுக்கு உறவோ, பழக்கமோ உண்டா?

இதற்காக அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். எதிர் மண்டபத்து மேளத்தை நினைத்தாள். வெறும் மண்டபத்தின் வாசலில், விளக்கெல்லாம் எரிய, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்ததை நினைத்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"இல்லை," என்றாள்.

பச்சை. தொண்ணூற்றாறு.

நர்ஸ் பாராட்டினாள். எல்லாக் கேள்வியிலும் அதுதான் அதிக மதிப்பெண்ணாம். செண்பகவடிவு, தனக்கும் ரெஜினாவைப்போல ஒரு முப்பதாவது, நாற்பதாவது வரும் என்று நினைத்திருந்தாள். வந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்தாள், வரவேண்டும் என்றும் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தாள். கூடப்பிறந்தவனை யாருமில்லை என்று சொல்ல இந்த மனசு ஒரு துடிப்புக்கூடத் துடிக்கவில்லையே. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"கொடுக்கற முடிவை மாத்திக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார் பாரிவள்ளல்.

"எவன் சொன்னான்? அறுக்கச் சொல்லுங்க."

டாக்டர் ரத்தப் பொருத்தத்தைப் பார்த்துவிட்டு வியந்துபோனார். கூடப்பிறந்தவர்களுக்குக்கூட இப்படிப் பொருந்துவது அபூர்வம், மனிதகுலம் எல்லாம் ஒன்று என்பதற்கு இதுவே அத்தாட்சி என்று மாணவர்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தார். அறுவை முடிந்து ஆறு நாள் வடிவின் பக்கத்திலிருந்து கஞ்சி ஊற்றியது ரெஜினா. துணைக்கு இருப்பவர் என்ற பதிவேட்டில் செண்பகவடிவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். வடிவின் கையெழுத்தைவிட அது நன்றாக இருந்தது.

ஆவுடையப்பன் பிழைத்தான். வடிவுக்குத் தகவல் ரெஜினா வழியாகத்தான். அக்காவை அவன் கூப்பிடவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொந்தமெல்லாம் பேசிக்கொண்டது. மண்டபத்துக்கு வந்தவர்கள் மறைமுகமாகக் குத்தினார்கள். வடிவு விலாத் தழும்பைத் தடவிக்கொண்டு, சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரர்களைத் திட்டினாள்.

ஆறு மாதம் கழித்து, இரு தரப்பும் சம்மதித்தால் பெயர் விலாசம் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. ஆவுடையப்பன் கேட்டான். ரெஜினா சம்மதித்தாள். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் மண்டபத்து வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கரும்புக் கட்டுக்கும் பானைகளுக்கும் நடுவிலிருந்து ரெஜினா பிதுங்கி வெளியே வந்தாள்.

"ஒங்க தம்பி வந்தாரு யக்கா. படி கொண்டாந்தாரு. ரெஜினா தங்கச்சிக்குன்னு." இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். "நல்ல மனுசன்தான். ஆனா புத்தி கொஞ்சம் பெசகிருச்சோ? பன்னெண்டு பானை. பன்னெண்டு சோடி மஞ்சக்குலை. நான் என்ன சத்துணவுக் கூடமா நடத்துதேன்? ரெண்டு பேருக்குப் பொங்க ஒரு பானை போதாதா?"

வடிவு இறக்கி வைத்த பானைகளைப் பார்த்தாள். எண்ணினாள். பிறகு இன்னொரு முறை விரலை மடக்கி எண்ணினாள். நின்றுபோன பதினோரு தை. இந்தத் தையோடு பன்னிரண்டு.

"வேற என்ன சொன்னான்?"

"என் முகத்தையே சரியாப் பாக்கல. இதெல்லாம் சேர வேண்டிய இடத்துல சேத்துருங்கன்னாரு. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, எங்க அக்கா வாளிக்கு அடியில பாம்பை வச்சுக்கிட்டு வெத்தில போட்டவ, அவ கத்திக்குப் பயந்தாளாம்னு."

வடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப மிஷின்ல அவனைக் கேட்டப்போ?"

"அதையும் நான் கேட்டேன் யக்கா. கொடுக்கற பொம்பளையைத் தெரியுமான்னு கேட்டானாம். மவன் கல்யாணத்துக்கு வராதவளை நெனச்சாராம். இல்லைன்னாராம். தொண்ணூத்தெட்டு விழுந்திச்சாம்."

வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. அந்தப் படவா அதிலும் இரண்டு மதிப்பெண் கூட வாங்கியிருக்கிறான்.

"போனைக் கொடு," என்றாள்.

"என் போனா? யக்கா, கிட்னி மாத்தினவங்க பேசுறதை வாரியம் ஒட்டுக் கேக்கும். பேரு மாத்திச் சொல்லிராதிய."

"தெரியும் கொடு."

மறுமுனையில் மணி இரண்டு முறை அடித்தது.

"வணக்கம். நான் ரெஜினா பேசுதேன்," என்றாள் செண்பகவடிவு, தன் சொந்தக் குரலில். "படி வந்து சேந்திச்சு."

 ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினான்.

"சந்தோசம், தங்கச்சி. தையல் போட்ட எடம் வலிக்குதா?"

"மழை வந்தா வலிக்கும். உங்களுக்கு?"

"எனக்கும் மழை வந்தாத்தான்."

"மஞ்சக்குலை வாடிப்போயிருக்கு. எந்தக் கடையில வாங்குனிய?"

அவன் தயங்கினான். "கோவில்பட்டியிலதான். அந்த ஏசி மண்டபத்துக்குப் பக்கத்துக் கடை."

"அங்கதான் போவிய நீங்க," என்றாள் அவள்.